நரி வாலைப் பார்த்த ஊர்

நரி விட்டையை ஊறவைக்கக் கொஞ்சம் வெந்நீர் வேண்டும் என்று நான் கேட்டபோது, தோழியின் அம்மா அடுப்பிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது காப்பிக்கு வெச்ச தண்ணி. நரிக்கு வெச்சதில்ல" என்றார்.

ஆனாலும் கொஞ்ச நேரத்தில் விளிம்பு உடைந்த பிளாஸ்டிக் கப் ஒன்றில் தண்ணீர் வந்தது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது. "வேலை முடிஞ்சதும் அப்படியே குப்பைக்குழியில போட்டுடு கண்ணு. அந்தக் கப்பு திரும்ப வூட்டுக்குள்ள வரக் கூடாது."

வாசலில் குந்தி உட்கார்ந்து, ஊறியதைக் குச்சியால் மெதுவாகப் பிரித்தேன். வண்டுகளின் ஓட்டுச் சிறகுகள் பச்சையாக மின்னின. எலி ரோமம் இருந்தது. இலந்தைக் கொட்டைகள் இருந்தன. வயல் நண்டு ஒன்றின் கால் நுனிகூட இருந்தது. பறவை இறகு மட்டும் இல்லை. பல் துலக்கிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார் தோழியின் அண்ணன்.

"கோழி இல்லியா?"

"இல்லண்ணா."

"அப்ப எங்க வெடக்கோழியத் தின்னது யாரு?"

"அதுக்கு நம்ம பக்கத்து வூட்டு நாயோட விட்டையத்தான் கொண்டாரணும்" என்றாள் தோழி.

"போதும், ஒண்ணு போதும்" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

எனக்கு இது தொழில் புத்தி. வீடு சேலத்தில் சூரமங்கலம். வேலை நாமக்கல்லில், கோழித் தீவனத்தைச் சோதிக்கிற ஒரு ஆய்வகத்தில். மக்காச்சோளத்தில் பூஞ்சை இருக்கிறதா, கருவாட்டுத் தூளில் மணல் கலந்திருக்கிறதா என்று நாள் முழுக்கப் பிரித்துப் பார்க்கிற கை. விலங்கியல் படித்தவளுக்கு விலங்கு என்று கிடைத்தது, கூண்டுக்குள் வரிசையாக நிற்கிற முட்டைக் கோழிகள்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டில் கால் நிற்காது. ஏரிக்கரை, கரடு, தரிசு என்று எங்காவது போய்விடுவேன். கல்லூரித் தோழி ஒருநாள் பேச்சுவாக்கில், "எங்க ஊருல பொங்கலுக்கு நரி புடிப்பாங்க, தெரியுமா?" என்று சொன்னதிலிருந்து என் ஞாயிறுகள் அத்தனையும் ஆத்தூர் போகும் பஸ்ஸில் ஏறிக்கொண்டன.

அவள் ஊர் வாழப்பாடியைத் தாண்டி உள்ளே இருக்கிறது. பாக்குத் தோப்பு, குச்சிக்கிழங்குக் காடு, அதற்கப்புறம் பாறைக் குன்றான கரட்டின் அடியில் ஒரு பெரிய மேய்ச்சல் தரிசு. அந்தத் தரிசில் வங்கு, அதாவது வளை, தோண்டிக் குடியிருக்கிற நரி என்பதால் அதற்கு வங்காநரி என்று பேர். ஊளையிடுகிற பெரிய நரி இல்லை இது. வீட்டுப் பூனையைவிடக் கொஞ்சம் பெரிது, தெருநாயைவிட நன்றாகவே சிறிது. உடம்புக்கு மீறிய காது. சாம்பல் கலந்த பழுப்பு ரோமம். வால் மட்டும் பிரமாதம்: உடம்பில் பாதிக்கு மேல் நீளம், நுனியில் மையில் தோய்த்தெடுத்த மாதிரி கறுப்பு.

பொங்கல் கழிந்ததும் ஊர் ஆண்கள் வலையோடு தரிசுக்குப் போவார்கள். ஒரு நரியைப் பிடித்து, வாயைக் கட்டி, கழுத்தில் மாலை போட்டு, மேளத்தோடு ஊருக்குள் கொண்டுவருவார்கள். கோயிலைச் சுற்றி எடுத்து வந்து, காலில் கயிறு கட்டி மந்தையில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பிடித்த இடத்திலேயே திரும்பக் கொண்டுபோய் விடுவார்கள். நரி முகத்தில் முழித்தால் அந்த வருசம் மழைக்கும் வெள்ளாமைக்கும் நல்லது. அதுதான் கணக்கு.

காட்டு விலங்கைப் பிடிப்பது குற்றம் என்று வனத்துறை பல வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பொங்கல் நெருங்கினால் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி எச்சரிக்கையும் வரும். அதற்குப் பயந்து, நான் போவதற்கு முந்தைய வருசம் ஊர் ஒரு ஏற்பாடு செய்தது. சேலத்துக் கடைவீதியிலிருந்து நரி பொம்மை வாங்கி வந்து, அதற்கு மாலை போட்டு ஊர்வலம் விட்டார்கள். பொம்மையைப் பார்த்த வாண்டுகள் எல்லாம், "இது நாயி" என்று சொல்லிவிட்டன. அந்த வருசம் ஆடியிலும் மழை இல்லை, ஐப்பசியிலும் சரியாகப் பெய்யவில்லை. பஞ்சு பொம்மைக்குப் பஞ்சு மாதிரித்தான் மேகம் வரும் என்று டீக்கடையில் பேச்சு. இந்த வருசம் நிஜ நரிதான் என்று கோயிலில் முடிவாகிவிட்டது.

வலைக்கு முன்னால் போவதற்கு வீட்டு முறை உண்டு. இந்த வருசம் முறை தோழியின் வீட்டுக்கு. அந்த வீட்டில் ஆண் என்றால் அண்ணன் ஒருவர்தான்.

அண்ணன் நாலைந்து வருசம் ரிக் வண்டியில் வடக்கே போர்வெல் போட்டுக்கொண்டு திரிந்தவர். அந்தப் புழுதியிலேயே படித்து, போலீஸ் பரீட்சை எழுதி, ஓடி, கயிறு ஏறி எல்லாம் முடித்துவிட்டார். இனி மிச்சம், ஸ்டேஷனிலிருந்து வந்து இவர் மேல் ஏதாவது வழக்கு இருக்கிறதா என்று விசாரிப்பது மட்டும். நரி பிடித்த வழக்கு ஒன்று விழுந்தால் எல்லாம் போச்சு. மறுபடி ரிக் வண்டிதான்.

"போகாதீங்கண்ணா" என்று நான் சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீ சொல்லிட்டு பஸ் ஏறிடுவ. அடுத்த வருசமும் மழை ஏமாத்துச்சுன்னு வை, பொம்மை வாங்குன வூட்டை வுட்டுட்டு எங்க வூட்டைப் புடிச்சுக்குவாங்க. கொழாயடியில நான் எப்படிக் குடம் வெக்கிறது?"

அந்தக் குடும்பத்தின் நிலைமை இதுதான். ஒரு பக்கம் வேலை, இன்னொரு பக்கம் குழாயடி. நான் போய்வந்தது என்னவோ நரியைப் பார்க்க. ஆனால் ஒவ்வொரு வாரமும் அந்த வீட்டுக் கவலை கொஞ்சம் என் பையில் ஏறி சூரமங்கலம் வந்தது.

மார்கழி ஞாயிறுகளில் நாங்கள் மூன்று பேரும் தரிசில் அலைந்தோம். போகிற வழியில் "காப்புக்காடு" என்று வனத்துறை நட்ட பலகை ஒன்று உண்டு. அந்தப் பக்கம் கரடும் காடும். வேலி, காவல் எல்லாம் அந்தப் பக்கம்தான். இந்தப் பக்கம் வெறும் தரிசு, வறண்ட புல், ஆவாரம், இலந்தை, ஆட்டுப் புழுக்கை. நான் முதலில் பலகைக்கு அந்தப் பக்கம்தான் தேடினேன். நரி எல்லாம் இந்தப் பக்கம்தான் இருந்தது. அதற்கு அடர்ந்த காடு ஆகாது, தூரத்துக்குப் பார்வை போகிற வெட்டவெளி வேண்டும் என்பது எனக்குப் புரியவே இரண்டு வாரம் ஆனது. நாம் எதைத் தரிசு என்று எழுதி வைத்திருக்கிறோமோ அது அதற்கு நடுவீடு.

இன்னொரு விஷயமும் என்னைக் குடைந்தது. நாமக்கல் பக்கம், எருமப்பட்டியைச் சுற்றி இதே மாதிரித் தரிசுகளில் விசாரித்திருக்கிறேன். "நரிங்களா? எங்க அப்பன் காலத்துல இருந்துச்சுங்க" என்பதற்கு மேல் யாரும் சொன்னதில்லை. இங்கே இருக்கிறது. இந்த ஊரில் யாரும் நரிக்கு விஷம் வைப்பதில்லை, கல்லெறிவதில்லை, நாயை ஏவுவதில்லை. "அது முகத்துல முழிக்கிற சீவன், அதையாவது அடிக்கிறதாவது" என்பார் அம்மா. வருசத்தில் மற்ற நாளெல்லாம் அதைத் தொடாமல் காப்பாற்றுகிறவர்களும், ஒரே ஒரு நாள் வாயைக் கட்டித் தூக்கி வருகிறவர்களும் ஒரே ஆட்கள்தான். இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வங்கைக் கண்டுபிடித்தது அண்ணன். தரிசின் நடுவில் ஒரு மேடு, அதன் சரிவில் பெரிய வாய், முன்னால் புதிதாக வாரிப் போட்ட செம்மண். கிழக்கே ஐம்பதறுபது அடி தள்ளி ஒரு பாறை இருந்தது. அந்தப் பாறைக்குப் பின்னால் படுத்து, விடிகிற நேரத்தில் காத்திருப்போம்.

முதலில் வந்தது ஆண். மேட்டின் மேல் நின்று, எங்கள் திசையில் காதைத் திருப்பி, அப்புறம் நம்ப முடியாத அளவுக்கு அலட்சியமாக உட்கார்ந்து பின்னங்காலால் கழுத்தைச் சொறிந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டை வந்தது. ராத்திரி இரை தேடிவிட்டு வீடு திரும்பும் நேரம் அது. இரண்டும் வங்கு வாயில் முதல் வெயிலை வாங்கிக்கொண்டு கண்ணை மூடின. பெட்டையின் வயிறு கனத்துத் தொங்குகிற மாதிரி எனக்குப் பட்டது.

"சினையா இருக்கும்போல" என்று கிசுகிசுத்தேன். "மாசி, பங்குனியில குட்டி போடும். சினையா இருக்கிறதை வலையில போட்டுப் புரட்டினா என்ன ஆகும்னு தெரியல. பயத்துலயே குட்டி கலையலாம்."

அண்ணன் பெட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "ஒரு கீறல் இல்லாமத்தான் கொண்டாந்து வுடுவோம், தெரியுமா? சின்ன வயசுல அது காதை ஒருதடவை தொட்டிருக்கேன். வெத்தலை மாதிரி, அவ்ளோ மெலுசு. நடுங்குச்சு. நான் அதுக்குக் குளிருதுன்னு நெனச்சேன்."

பாறையிலிருந்து நேராக வீட்டுக்குத் திரும்பினோம். வீட்டில் அம்மா பச்சை மொச்சையை உரித்துக்கொண்டே எப்போதும் சொல்வதையே சொன்னார்: "என்னமோ போ. அது முகத்துல முழிக்கணும்னுதான் இத்தனை கூத்தும்."

தோழி நின்றுவிட்டாள். "ஏம்மா, முகத்துல முழிக்கத்தானே? நாங்க மூணு பேரும் வாராவாரம் முழிச்சிட்டுத்தானே வர்றோம்."

"அதுக்கு?"

"அதை இங்க தூக்கிட்டு வராம, ஊரே அங்க போனா என்னா?"

யோசனை அவளுடையது. ஆனால் ஓடிப்போய்க் காரியத்தில் இறங்கியது நான். அந்த ஊர்க்காரியாக இருந்திருந்தால் இத்தனை சுறுசுறுப்பு வந்திருக்காது. கோயில் காரியங்களில் கடைசிச் சொல் அந்த ஊர்ப் பெரியதனக்காரருடையது. வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு போன், இரண்டிலும் எப்போதும் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். தோழிக்கு அவர் பெரியப்பா முறை. கோயில் வாசலில் அவரைப் பிடித்துச் சொன்னோம்.

அவர் நிதானமாகக் கேட்டார். "சாமி ஊர்வலமா வூட்டு வாசலுக்கு வர்றது வேற, நாம நடந்து கோயிலுக்குப் போறது வேற. ரெண்டும் ஒண்ணாம்மா?"

"கோயிலுக்குப் போயி கும்புட்டா சாமி ஏத்துக்கலியா பெரியப்பா?" என்றாள் தோழி.

"சாமி இருந்த எடத்துல இருக்கும். நரி இருக்குமா?"

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இருக்குங்கய்யா. நான் போன எல்லா வாரமும் பாத்திருக்கேன். விடிஞ்சதும் வீட்டுக்கு வந்துடும். கூட்டமாப் போனாலும் சத்தம் போடாம உக்காந்தா போதும்."

"எங்க ஊருக்காரங்க சத்தம் போடாம உக்காருவாங்கன்னு எந்தக் காலேசுல சொன்னாங்க?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவர் மறுக்கவில்லை. வழக்கு என்றால் முதலில் ஸ்டேஷனுக்கு அழைப்பது அவரைத்தான். அதுவும் அவர் கணக்கில் இருந்திருக்கும். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். காணும் பொங்கல் அன்று விடியற்காலையில் ஊர் போகும். நரி முகம் காட்டினால் சரி. காட்டாவிட்டால் அன்றைக்கு மத்தியானமே வலை. முறை மாறாது, முன்னால் போவது அண்ணன்தான்.

"சரிதானேப்பா?" என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

"சரிங்க பெரியப்பா" என்றார் அண்ணன். என் வாயை நம்பி அவர் தன் வேலையைப் பணயம் வைத்துவிட்டார் என்பது வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது.

லீவு கேட்டபோது நாமக்கல்லில் எங்கள் மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க, நரி பாக்கறதுக்குன்னு லீவு போட்டா மேல என்னனுங்க நெனப்பாங்க? காச்சல்னே எழுதுங்க." காய்ச்சல் என்றே எழுதினேன். பாதி உண்மைதான்.

காணும் பொங்கல் அன்று, கீழே விழுந்த ஊசி தெரியும் அளவுக்கு வெளுக்கும் முன்பே கிளம்பினோம். சத்தம் கூடாது என்று நான் வீடு வீடாகச் சொல்லியிருந்தேன். மேளக்காரர்கள் மேளத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். ஆனால் கை சும்மா இருக்கமாட்டாமல் தொடையில் தட்டிக்கொண்டே நடந்தார்கள். பெண்கள் கொலுசைக் கழற்றி முந்தானையில் முடிந்திருந்தார்கள். ஒரு பாட்டில் காப்பி சுற்றி வந்தது. ஊர் எல்லையில் வலையோடு யாராவது போகிறார்களா என்று முந்தின நாளிலிருந்து காவல் இருந்த வனக்காவலர், வலை இல்லாமல் மொத்த ஊரும் நகர்வதைப் பார்த்துக் குழம்பி, பைக்கைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே நடந்து வந்தார்.

"என்னா பண்ணப் போறீங்க?"

"பாக்கப் போறோம் சார்" என்றார் அண்ணன்.

"எதை?"

"நரியை."

"பாத்துட்டு?"

"பாத்துட்டு வூட்டுக்குப் போயி வடை திம்போம்."

வனக்காவலர் கொஞ்ச நேரம் யோசித்து, தானும் பாறைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டார். சட்டத்தில் பார்ப்பதற்குத் தடை இல்லை.

பாறை, அதன் இரு பக்கமும் ஆவாரஞ்செடி, அங்கெல்லாம் ஊர். எல்லோருடைய கண்ணும் செம்மண் மேட்டிலிருந்த அந்தப் பெரிய வாயில். கிழக்கு வெளுத்து, மேட்டு விளிம்பில் ஆரஞ்சு ஏறியது. காற்று அசையவில்லை. எங்கோ ஒரு கவுதாரி கூப்பிட்டது. இத்தனை பேர் மூச்சு விடுவது கேட்கிற அளவுக்கு அமைதி. உண்மையைச் சொன்னால், அந்த அமைதி என்னையே ஆச்சரியப்படுத்தியது. கைக்குழந்தை சிணுங்கியபோது நாலு பேர் ஒரே நேரத்தில் அதன் வாயில் விரலை வைக்கப் போனார்கள்.

நரி வரவில்லை.

வெயில் மேட்டில் பாதி இறங்கிவிட்டது. நான் பார்த்த எல்லா ஞாயிறும் இந்நேரம் வந்து உட்கார்ந்திருக்கும். அப்போது வனக்காவலரின் போன், கூடையிலிருந்து பாம்பு கிளம்புகிற மாதிரி ஒரு மகுடி இசையோடு அடித்தது. அவர் அதை அணைக்கப் போய், ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். "சார், வலையோட எவனாவது மாட்டினானா?" என்றது போன். யாரோ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் வங்கைக்கூடப் பார்க்கவில்லை. கையிலிருந்த புல்லைத் துண்டு துண்டாகக் கிள்ளிக்கொண்டிருந்தார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"பெரியப்பா எங்க?" என்று தோழி கேட்டாள். தேடினோம். அவர் கூட்டத்தில் இல்லை. இரண்டு டம்ளர் காப்பி குடித்திருந்தார், குளிர் வேறு. யாருக்கும் சொல்லாமல் மேட்டைச் சுற்றி அந்தப் பக்கம், ஆவாரம் புதரடிக்கு ஒதுங்கியிருக்கிறார்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. கத்தல் இல்லை, தும்மலை அடக்கினால் வருமே, அந்த மாதிரி. அடுத்த கணம் மேட்டின் வலது ஓரத்தில் பழுப்பாக ஏதோ பறந்தது. தரையோடு தரையாக, ஒரு நீட்டுக் கோடு. கடைசியில் அந்தக் கறுப்பு நுனி வெயிலில் ஒரு சுழற்று சுழன்று, மேட்டுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

ஊர் மொத்தமும் பார்த்தது. மொத்தமும் வாலைப் பார்த்தது.

கொஞ்ச நேரத்தில் புதருக்குப் பின்னாலிருந்து பெரியதனக்காரர் எழுந்து வந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டே வந்தார். முகத்தில் குழந்தை மாதிரி ஒரு திகைப்பு.

"குந்தியிருந்தேன். நேருக்கு நேரா வந்து நின்னுச்சு. வாயில எலி. என்னைப் பாத்துச்சு. நானும் பாத்தேன். எந்திரிக்கவும் முடியல."

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. அதற்கப்புறம் அந்தத் தரிசில் அமைதி என்பது இல்லை. மேளக்காரர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறையில் சாய்ந்துவிட்டார். "பெரியப்பா நரி முகத்துல முழிச்சுட்டாரு, சரி. நரி பாவம், அதுக்கு இந்த வருசம் எப்படி இருக்குமோ" என்றாள் தோழி. அவர் அவளை முறைக்கப் பார்த்து, முடியாமல் தானும் சிரித்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும்தான் வழக்கு ஆரம்பித்தது. வாலைப் பார்த்தது கணக்கில் சேருமா?

"முகத்தைப் பாத்தது ஒருத்தரு. வாலைப் பாத்தது ஊரு. வாலுக்குப் பாதி மழையா?"

"போன வருசம் பொம்மையப் பாத்ததுக்கு இது எவ்வளவோ தேவல."

"ஒருத்தரு பாத்தா ஊருக்கே ஆகுமா? அப்ப எதுக்கு எல்லாரையும் எழுப்பிக் கூட்டியாந்தீங்க?"

பேச்சு வலைப் பக்கம் சாய்வது தெரிந்தது. நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். தோழி என் மணிக்கட்டைப் பிடித்தாள். இது ஊர் பேசுகிற இடம். பேசியது அண்ணன். காலையிலிருந்து அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"நான் ரிக்குல இருந்தப்ப ஊர்ல நரி புடிச்சீங்க. நான் எங்க பாத்தேன்? தங்கச்சிதான் வீடியோ கால்ல காட்டுனா. சிக்னல் இல்லாம அதுலயும் முகம் சரியாத் தெரியல, காதுதான் தெரிஞ்சுது. அந்த வருசந்தான் நான் பரீட்சை பாஸ் பண்ணுனேன். காது எனக்கு ஆச்சுன்னா, வாலு ஊருக்கு ஆவாதா?"

எல்லோரும் பெரியதனக்காரரைப் பார்த்தார்கள். அவர் தாடையைத் தடவினார். முகத்தைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். பார்த்தது ஆகாது என்று சொன்னால், தான் பார்த்ததும் ஆகாது. அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"எலியோட வந்திருக்கு" என்றார் கடைசியில். "வெள்ளாமைய அறுக்குற எலியக் கவ்விக்கிட்டு வந்து என் முன்னால நின்னிருக்கு. இதுக்கு மேல அது என்னாத்தைச் சொல்லணும்? ஆச்சு. முறை ஆச்சு."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையிலிருந்த கொலுசை எடுத்துக் காலில் மாட்ட ஆரம்பித்தார். திருகு ஏறவில்லை. தோழி குனிந்து மாட்டிவிட்டாள்.

நரிக்கென்று கட்டிய சாமந்தி மாலை மிச்சம் இருந்தது. வங்கு வாயில் போடப் போனார்கள். ஆள் வாடை பட்டால் அது இடம் மாறினாலும் மாறிவிடும் என்று நான் சொன்னேன். தள்ளியிருந்த இலந்தைச் செடியில் சாத்தினார்கள். நாங்கள் ஊர் போய்ச் சேருவதற்குள் ஆடுகள் அதைத் தின்றுவிட்டன என்று கேள்வி.

பிற்பாடு அந்த மேட்டைத் தூரத்திலிருந்தே முழுசாகச் சுற்றிப் பார்த்தேன். பின்பக்கம் இன்னும் மூன்று வாய்கள் இருந்தன. அத்தனை வாரமும் ஒரே பாறைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு, ஒரே வாசலைப் பார்த்துவிட்டு, நரியின் வீடு எனக்குத் தெரியும் என்று ஊர் முன்னால் சொல்லியிருக்கிறேன். கூட்டத்தைக் கண்டதும் அது கொல்லைப்புறமாக வந்திருக்கிறது. யாருமே அதைத்தான் செய்வார்கள்.

அண்ணன் பேரில் வழக்கு எதுவும் இல்லை என்று ஸ்டேஷன்காரர்கள் வந்து விசாரித்துப் போனார்கள். பங்குனியில் பயிற்சிக்குப் போய்விட்டார். அங்கிருந்து வீட்டுக்குப் போன் செய்யும்போதெல்லாம் அம்மாவை விசாரித்து முடித்ததும், "குட்டி போட்டுச்சா?" என்று கேட்பார். எத்தனை என்று என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு நேரம் மூன்று தலை தெரியும், ஒரு நேரம் நாலு. தலை என்றால் பாதிக்கு மேல் காதுதான்.

அந்தக் கோடையில் தரிசில் செம்மண் அள்ள டிப்பர் லாரி ஒன்று வந்தது. டிரைவர் மேட்டுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி இறங்குவதற்குள் பெரியதனக்காரர் டி.வி.எஸ்.ஸில் வந்துவிட்டாராம். "அது நான் பாத்த நரி இருக்கிற மேடு" என்று சொன்னாராம். சட்டமும் சொல்லவில்லை, காப்புக்காடு என்றும் சொல்லவில்லை. லாரி போய்விட்டது. திரும்ப வராது என்று சொல்லமுடியாது. அவர் இருக்கிறவரை யோசித்துத்தான் வரும்.

போன வாரம் ஒரு புது நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. அடுத்த வருசம் முறை இருக்கிற வீட்டுப் பெண்.

"ஏம்மா, எந்தப் பக்கம் உக்காந்தா முகம் தெரியும்?"

"எனக்குத் தெரியலைக்கா" என்றேன்.

"நீதான் நரிக்காரப் பொண்ணுன்னு சொன்னாங்களே."

"நாலு வாசல் இருக்குக்கா. நான் ஒண்ணைத்தான் பாத்தேன்."

"அப்ப நாலு பக்கமும் ஆள் வெச்சுப் பாக்கணும்" என்றார் யோசனையாக. "இப்பவே ஆரம்பிச்சாத்தான் தையில தெரியும். ஞாயித்துக்கிழமை நான் வடக்குப் பக்கம் உக்காந்துக்கிறேன். நீ எந்தப் பஸ்ல வர?"